முதல் பக்கத்தில் ஒரு திருத்தம்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நான் இறங்கினேன். என் பெட்டி இறங்கவில்லை. டிக்கியில் இருந்த பெட்டியை எடுக்கப் பின்பக்கம் போவதற்குள் பேருந்து விசிலடித்துப் பழநிக்குக் கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். ஐம்பத்தாறு வயதில், சேலை கட்டிக்கொண்டு, பூவும் பழமும் விற்கிறவர்களுக்கு நடுவே ஓடுவது நடக்கிற காரியம் இல்லை. கொய்யாப்பழம் விற்ற அம்மாள் மட்டும் எனக்காக இரண்டு முறை கையைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். “போயிருச்சும்மா. வந்துரும், திரும்பி இங்கனதான் வரணும்” என்று ஒரு பழத்தை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக் கையில் கொடுத்தார்.

பெட்டிக்குள் துணிமணிகளும், “செய்தியைச் சரிபார்ப்பது எப்படி?” என்ற பயிற்சித் தாள்கள் நாற்பது பிரதிகளும் இருந்தன.

நான் மலேசியாவின் ஈப்போக்காரி. அங்கே ஒரு தமிழ் நாளிதழில் நீண்ட காலம் துணையாசிரியராக இருந்தேன். அது நின்றுபோன பிறகு, மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்னச் செய்தித் தளம் நடத்துகிறேன். கோலாலம்பூரில், யார் கைக்குள்ளும் போகாமல் நிற்கப் பார்க்கும் சிறு பத்திரிகைகளுக்குத் துணை நிற்கிற அமைப்பு ஒன்று இருக்கிறது. திண்டுக்கல்லில் ஒரு மாதமிருமுறைப் பத்திரிகை வாசகர்களை மட்டும் நம்பி ஓடுவதாக அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. இந்தியப் பத்திரிகைக்கு வெளிநாட்டுப் பணம் கொடுக்கச் சட்டம் இடம் தராது. அதனால் பணத்துக்குப் பதிலாக என்னை அனுப்பினார்கள். போய்ப் பார், எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டு வா, ஒரு நாள் பயிற்சி கொடு என்பதுதான் எனக்கு இட்ட வேலை.

பத்திரிகையின் பெயர் ‘மடைவாய்’. கண்மாய்த் தண்ணீர் வாய்க்காலுக்குப் பாயும் இடத்துக்கு அந்தப் பெயர். அலுவலகம் ஒரு பூட்டுக்கடையின் மாடியில், இரண்டே அறைகள். ஆசிரியர் ஜெசிந்தாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அப்பா திராட்சைத் தோட்டக்காரர். ஜெசிந்தா முன்பு ஒரு தொலைக்காட்சிக்கு மாவட்ட நிருபராக இருந்தவர்.

“ஏன் விட்டீங்க?” என்று கேட்டேன்.

“ஊர்க்காரவுக சொல்றத விட்டுட்டு, சென்னையில என்ன கேக்குறாகளோ அதத்தான் அனுப்பணும்க்கா. இங்க தண்ணியில்லன்னு நான் அனுப்புனா, அங்க யானை வந்துச்சான்னு கேப்பாக.”

சுவரில் ஒரு வரைபடம். நிலக்கோட்டையிலிருந்து பல திசைகளுக்கும் கோடுகள் போயின. பேருந்துத் தடங்கள் என்று நினைத்தேன். பூ வேன்கள் போகும் தடங்கள் என்றார் சரவணன். அவர்தான் பத்திரிகையின் ஒரே முழுநேர நிருபர். முப்பது வயது, ஒரு மோட்டார் சைக்கிள், நிற்காமல் அடிக்கும் கைப்பேசி. அதிகாலையில் மல்லிகை ஏற்ற வரும் வேன்கள் திரும்பும்போது பத்திரிகைக் கட்டுகளைக் கொண்டுபோய் ஊர் ஊராகப் போட்டுவிடும். கூலி கிடையாது. ஏன் செய்கிறார்கள் என்று நான் துருவியதற்கு, “பூச்சந்தையில எடை குறையுதுன்னு ஒரு வருசம் விடாம எழுதுனோம். தராச மாத்துனாங்க. அதுலருந்து இது அவங்க பேப்பர்” என்றார்.

இதை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெண் மாடியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் மடித்த ‘மடைவாய்’. மூச்சு வாங்க வாசலிலேயே நின்றார்.

“இங்க யாரு எழுதுறவுக?”

“நாந்தாம்மா ஆசிரியர். உள்ள வந்து உக்காருங்க” என்றார் ஜெசிந்தா.

“உக்கார வரல.” பத்திரிகையை மேசைமேல் விரித்தார். போன இதழ். முதல் பக்கத்தில் ஒரு படம். மங்கிய வெளிச்சத்தில் தலையில் துண்டு கட்டிய ஆள் ஒருவர், முதுகைக் காட்டிக் குனிந்து, குழாய் வால்வைத் திருகுகிறார். மேலே பெரிய எழுத்தில்: ‘ஊர்க் குடிநீரைத் தோட்டத்துக்குத் திருப்பும் ஆப்பரேட்டர்’. கீழே பெயர், கருப்பையா. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் தண்ணீர்த் தொட்டியை இயக்குபவர்.

“நான் அவரு சம்சாரம், பேச்சியம்மா. செவ்வாக்கெழம சாயந்தரம் எடுத்த படம்னு போட்டிருக்கீகளாம். அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் நத்தத்துல இருந்தோம். மகளுக்குப் பேறுகாலம். இந்தா, பாருங்க.”

கைப்பேசியை நீட்டினார். கருப்பையா ஒரு குழந்தையை, கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தின் தேதியும் நேரமும் திரையில் இருந்தன. அதே செவ்வாய், அதே சாயங்காலம்.

சரவணன் கைப்பேசியை வாங்கி, தேதியைப் பெரிதாக்கிப் பார்த்தார். கீழே பூட்டுக்கடையில் ஒருவர் சாவியைப் போட்டுத் திறந்து மூடிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“தொட்டிச் சாவியப் பிடுங்கிட்டாக. பேரன் பொறந்ததுக்கு முட்டாயி குடுக்கப் போனா ஒரு வீட்டுல வாங்கல. நீங்க பெரிய எழுத்துல போட்டுட்டீக. நான் என்ன எழுத்துல போயி இல்லன்னு சொல்ல?”

அவர் போன பிறகு ஜெசிந்தா சரவணனைத் திட்டவில்லை. “யாரு அனுப்புன படம்?” என்று மட்டும் கேட்டார். வாட்ஸாப்பில் ஒரு வாசகர் அனுப்பியது. கருப்பையாதானே என்று சரவணன் கேட்டிருக்கிறார். ஆமாம் என்று அந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். கருப்பையாவை இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை. மருத்துவமனையில் கைப்பேசியை அணைத்து வைத்திருந்திருக்கிறார். ‘பதில் பெற முடியவில்லை’ என்று ஒரு வரி சேர்த்துச் செய்தி அச்சுக்குப் போய்விட்டது. இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று என் பயிற்சித் தாளின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நல்லவேளையாகத் தாள் பழநியில் இருந்தது.

மறுநாள் காலை பெட்டி வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதை இரண்டு கையாலும் இறக்கினார். “ஏனுங்க, மலேசியாக்காரம்மா நீங்கதானுங்களா? பழநி டைம் ஆபீசுல வெச்சிருந்து கொண்டாந்தனுங்க. உள்ள என்னங்க, கல்லுங்களா?” தாள் என்றேன். “வெறுந்தாளா? அட, தாளு இத்தன கனமுங்களா!” என்று சிரித்தார். ஈப்போவில் பேருந்தில் விட்ட குடை எனக்கு ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை.

அன்றே நத்தம் போனோம். பேச்சியம்மாள் சொன்னதை நம்பாமல் இல்லை. “போன தடவ ஒருத்தரு சொன்னத மட்டும் நம்புனோம். இந்தத் தடவையும் ஒருத்தரு சொன்னத மட்டும் நம்பித் திருத்தம் போட்டா, அதுவும் அதே தப்புதான்” என்றார் ஜெசிந்தா. சாலையின் இருபுறமும் புளியமரங்கள். அவற்றைத் தாண்டி மாந்தோப்புகள். எங்கள் ஊரில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களின் ஒரே பச்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மரத்துக்கு மரம் நிறம் மாறும் இந்தப் பச்சை அலுக்கவில்லை.

மகளின் மாமியார்தான் எங்களை வரவேற்றார். வரவேற்றார் என்று சொல்வது சரியா தெரியவில்லை. மருத்துவமனைச் சீட்டை எடுத்துக் காட்டினார். அன்று கூடவே இருந்த பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்து பேசவைத்தார். எல்லாம் முடிந்ததும் எனக்கு மட்டும் தட்டு வைத்தார்.

“இவங்களுக்கு?” என்றேன்.

“நீங்க வெளியூர் விருந்தாளி. இவுகளுக்கு நான் என்னத்துக்குப் போடணும்? எங்க சம்மந்தியத் திருடன்னு எழுதுனவுக.”

“சரிதாம்மா. நீங்க சாப்புடுங்கக்கா” என்றார் ஜெசிந்தா. குரலில் கோபமே இல்லை.

சோறு, கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய். “வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வைக்கவா?” என்றார் மாமியார். எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதற்குப் பெயர் என்று சரவணன்தான் வாசற்படியில் உட்கார்ந்தபடி சொன்னார். அப்படி ஒரு ருசியான கருவாட்டுக் குழம்பை, பசியோடு இருக்கும் இருவர் பார்க்க நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. கிளம்பும்போது மாமியார் சரவணன் கையில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

புதன்கிழமை பயிற்சி. கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. நீண்ட மேசைகளின் இருபுறமும் சுற்றுவட்டாரத்துச் சின்னப் பத்திரிகைக்காரர்கள், கைப்பேசியில் செய்தி ஒளிபரப்புகிறவர்கள், பந்திக்குக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். நான் தாள்களை விநியோகித்து, ஐரோப்பாவில் எங்கேயோ நடந்த ஓர் உதாரணத்தோடு தொடங்கினேன். பத்து நிமிடத்தில் ஜெசிந்தா எழுந்தார்.

“அக்கா மன்னிக்கணும். அம்புட்டுத் தூரம் போக வேணாம்.” அவர் தமது போன இதழைச் சுவரில் ஒட்டினார். “இதுல நாங்க எங்க தப்புப் பண்ணுனோம்னு கண்டுபிடிங்க.”

கூடம் சட்டென்று கலகலத்தது. ஒருவர் படத்தைப் பற்றிக் குடைந்தார், ஒருவர் நேரத்தைக் கேட்டார். ஒரு பெண், “முதுகுக்கு எப்படிங்க பேர் போட்டீங்க?” என்றார். சரவணன் தலைகுனிந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

பிறகு திருத்தத்தை எப்படிப் போடுவது என்ற பேச்சு வந்தது. உள்பக்கத்தில் இரண்டு வரி போதும் என்றார்கள் பாதிப்பேர். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார்கள். சரவணனுக்கும் அந்த எண்ணம்தான். ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னார்.

“அக்கா, நாம எழுதுனதுல கோவமான ஒரு கான்ட்ராக்டர் ரெண்டு வருசமா நம்ம தப்புக்காகவே காத்துக்கிட்டு இருக்காரு. முதல் பக்கத்துல போட்டா, பொய்ப் பத்திரிகைன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு ஊரெல்லாம் அனுப்புவாரு. நம்ம கிட்ட என்ன இருக்கு? சொன்னா நம்புவாங்கங்கிறது ஒண்ணுதான். அதையும் நாமளே குடுத்துரணுமா?”

அந்தப் பயம் நியாயமானதுதான். விளம்பரம் இல்லை, பின்னால் ஆள் பலம் இல்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவள் நான். “அது ஆசிரியர் முடிவு” என்று நழுவினேன்.

ஜெசிந்தா சுவரில் ஒட்டிய இதழின் தலைப்புமேல் விரலை வைத்தார். “அந்தம்மா கேட்டுச்சுல்ல, நான் என்ன எழுத்துல போயி இல்லன்னு சொல்லன்னு. அதே எழுத்துல போடுவோம், சரவணா. அதே எடத்துல. நீ எழுது. உன் பேரு கீழ, என் பேரு மேல.”

வெள்ளிக்கிழமை விடியலில் ஜெசிந்தாவோடும் சரவணனோடும் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போனேன். மல்லிகை மூட்டைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. அவ்வளவு மல்லிகைக்கு நடுவே நின்றால் வாசனை சுகமாக இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் தலை கனத்தது. ஒரு வேன்காரர் பத்திரிகைக் கட்டைக் கையில் வாங்கி, முதல் பக்கத்தைப் படித்தார். ‘நாங்கள் எழுதியது தவறு. கருப்பையா நிரபராதி.’ இரண்டாம் முறையும் படித்தார்.

“என்னக்கா, இப்பிடிப் போட்டுட்டீங்க?”

“தப்புண்ணே. தப்புன்னா தப்புன்னுதான போடணும்?” என்றார் ஜெசிந்தா.

வேன்காரர் கட்டை முன்சீட்டில் வைத்தார். எப்போதும் பின்னால், ஈரச் சாக்கோடுதான் போடுவாராம்.

நாங்களும் அதே வேனில் தொற்றிக்கொண்டு கருப்பையாவின் ஊருக்குப் போனோம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று ஜெசிந்தா கேட்டுக்கொண்டார். குழாயடியில் குடங்களோடு பத்துப் பதினைந்து பெண்கள். ஜெசிந்தா நடுவில் நின்று திருத்தத்தை வாசிக்கத் தொடங்கினார். தண்ணீர் விழும் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. பேச்சியம்மாள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்.

“இங்கன வாசிச்சு என்ன செய்ய? மேலத்தெருவுக்குக் கேக்கணும்ல.”

அந்த நேரம் பார்த்து, ‘உரிச்சா உரிய வெங்காயம், உள்ளங்கை அளவு வெங்காயம்’ என்று பதிவு செய்த குரலை அலறவிட்டபடி ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி தெருவுக்குள் வந்தது. பேச்சியம்மாள் குறுக்கே போய் நின்று அதை நிறுத்தினார். என்ன பேசினாரோ, வியாபாரி இறங்கி வந்து மைக்கை ஜெசிந்தா கையில் கொடுத்தார். “செத்த நேரந்தான் தாயி. வெயிலு ஏறுனா வெங்காயம் வதங்கிரும்.”

அப்படித்தான், வெங்காய மூட்டைகளின்மேல் உட்கார்ந்து, ஒரு பத்திரிகை ஆசிரியர் தம் பிழையை ஊருக்கு வாசித்தார். கீழத்தெரு, மேலத்தெரு, கோயில் முக்கு. ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து கடைசிவரை. மூன்றாவது இடத்தில் குரல் கம்மியது. மீதியைச் சரவணன் வாங்கி வாசித்தார். ‘இந்தச் செய்தியை எழுதியவன் நான்’ என்ற வரி வந்தபோது மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே பிடித்தார். கதவோரம் நின்றவர்களில் சிலர் உள்ளே போய்விட்டார்கள். “இப்ப வந்து சொல்லு” என்று ஒரு குரல் கேட்டது. அதே தெருவில் இன்னொருவர் வியாபாரியிடம் இரண்டு கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டார்.

கருப்பையா வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசினார்.

“அந்தப் படத்துல இருக்குறது நான் இல்லன்னு ஊருல ஒருத்தனுக்குமா தெரியாம இருக்கும்? தெனம் பாக்குற முதுகு. ஆனா பேப்பர்ல வந்திருச்சுல்ல. கண்ணால பாத்தத விட்டுட்டு அதத்தான் நம்புனாய்ங்க.”

ஒரு பத்திரிகைக்கு இதைவிடப் பெரிய பாராட்டும் கிடையாது, இதைவிடப் பெரிய குற்றச்சாட்டும் கிடையாது. ஜெசிந்தா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை. உள்ளே வரச் சொன்னார்.

மோர் வந்தது. இந்த முறை மூன்று பேருக்கும். பேசிக்கொண்டே இருந்த பேச்சியம்மாள் சட்டென்று, “வால்வைத் திருகுனது யாருன்னு கேக்கவே இல்லியே நீங்க?” என்றார். கருப்பையா, “ஏய், சும்மா இரு” என்றார். “எதுக்குச் சும்மா இருக்கணும்? வீடு தேடி வந்திருக்காக” என்று அந்த அம்மாள் எழுந்து, எங்களைத் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போனார். கருவேலங்காட்டுக்குள், மண் மூடியும் மூடாமலும் ஒரு குழாய் போனது. அது எந்தத் தோட்டத்தில் போய் முடிகிறது என்று கையை நீட்டிக் காட்டினார். சரவணன் படம் எடுத்தார். அப்புறம் குறிப்பேட்டைத் திறந்து, “இதை வேற யாரெல்லாம் பாத்திருக்காங்கம்மா?” என்று கேட்டார். அதன் முடிவு என்ன ஆயிற்று என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் கிளம்பும்வரை அவர் அந்தக் குழாயைப் பார்த்த நான்காவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பி நடக்கையில் பேச்சியம்மாள் என்னிடம் கேட்டார். “ஒங்க ஊருல பேப்பர்ல தப்பா எழுதிட்டா, இப்பிடி வீட்டுக்கு வருவாகளா?”

“வரமாட்டோம்” என்றேன்.

வரமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஜெசிந்தா திரும்பிப் பார்த்தார். அதனால் மீதியையும் சொன்னேன். ஈப்போவில் ஒரு தலைமையாசிரியர் மாணவனை அடித்துக் காயப்படுத்தியதாக நாங்கள் செய்தி போட்டோம். சம்பவம் நடந்தது கிட்டத்தட்ட அதே பெயர் கொண்ட வேறொரு பள்ளியில். அந்தப் பக்கத்தைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பியவள் நான். அவர் மூன்று நாள் எங்கள் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். நான்காம் நாள் பதினான்காம் பக்கத்தில், சினிமா விளம்பரத்துக்குக் கீழே, அவர் பெயர்கூட இல்லாமல் ‘வருந்துகிறோம்’ என்று போட்டோம்.

“அவரு இருக்காரா?” என்றார் பேச்சியம்மாள்.

“தெரியல.”

“தெரியலன்னா?”



ஊர் திரும்பி அமைப்புக்கு அறிக்கை எழுதினேன். வாசகர் ஆதரவின் காரணங்கள் என்ற கட்டத்தில் வெங்காய வண்டியை எழுதினேன். புரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அதையே விரித்து எழுதினேன். ஜெசிந்தாவிடமிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. சரவணன் பயந்தபடியே அந்தக் கான்ட்ராக்டர் முதல் பக்கத்தைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார். சிலர் பத்திரிகையை நிறுத்திக்கொண்டார்கள். பூ வேன்கள் ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கருப்பையாவிடம் தொட்டிச் சாவி திரும்பி வந்தது.

ஈப்போவின் அந்தத் தலைமையாசிரியரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு அதைவிட அதிக நாள் ஆயிற்று. எங்கள் ஊரிலேயே, புந்தோங் பகுதியில் மகள் வீட்டில் இருந்தார். எண்பதை நெருங்கிய வயது. நான் யார் என்று சொன்னதும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, செடிகளுக்கு நடுவில் அப்படியே நின்றார். உட்காரச் சொல்லவில்லை. எங்கள் தளத்தின் முகப்பில் வெளியிட எழுதி வைத்திருந்த திருத்தத்தை எடுத்து, நின்றபடியே வாசித்தேன். ‘அன்றைய தலைமையாசிரியர்’ என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

“துணைத் தலைமையாசிரியர்” என்றார்.

“ஐயா?”

“நான் அப்ப துணைத் தலைமையாசிரியர்தான். அதையும் அன்னைக்குத் தப்பாத்தான் போட்டீங்க.”

பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினேன். அவர் கிட்டே வந்து, எழுத்து சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்.